வாசிக்காமல் போன மூன்றாம் ஓலை

திருநகர் பங்கில் ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வருகிறவர்களுக்குச் சவரியப்பனின் முகம் மறந்தாலும் மறக்கும், குரல் மறக்காது. நற்கருணை வாங்கி முடித்து, ஜனங்கள் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை மனசுக்குள் தேட ஆரம்பிக்கும் நேரத்தில் மைக்கைப் பிடித்து அறிவிப்பு வாசிக்கிறவர் அவர்தான். பதினெட்டு வருஷமாக வாசிக்கிறார். அன்பியக் கூட்டம் எந்தத் தெருவில், யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை, எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் பங்குக்கு உறுதி. கல்யாண ஓலையும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். பதினெட்டு வருஷத்தில் ஒருத்தர்கூடத் தடை சொன்னதில்லை. சொல்ல வேண்டியதை டீக்கடையில் சொல்வார்களே தவிர சாமியாரிடம் போய் யார் சொல்வார்கள்?

வாரநாளில் அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். டி.சி., போனஃபைடு, உதவித்தொகைப் படிவம் என்று முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார். பையன்கள் வைத்த பெயர் ‘வெள்ளைச் சார்’. உடுப்பைப் பார்த்து வைத்த பெயரல்ல, தலையைப் பார்த்து வைத்தது. இருபத்திரண்டு வயதில் தலை மொத்தமும் பஞ்சாக நரைத்துப்போன மனிதர். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு தகப்பன், “ஐயாவும் பேரனச் சேக்கத்தான் வந்தீகளா?” என்று கேட்டாராம். பள்ளிக்கூடத்துக்குள் சவரியப்பனே இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டு சொல்கிறவனுக்கு வலிக்காது என்று எவன் சொன்னது?

பெண் பார்க்கப் போன ஏழு இடமும் தட்டிப்போனது. “மாப்ள வயசுல பத்தக் கொறைச்சுச் சொல்றாக” என்றார்கள். எட்டாவதாக ஆனிமேரியைப் பார்க்கப் போகும்போது தலைக்கு மை அடித்துக்கொண்டு போனார். சம்பந்தம் முடிந்தது. கல்யாணம் நல்ல மே மாசத்தில். சாமியாரின் பிரசங்கமோ பழைய ஏற்பாட்டில் ஆரம்பித்து ஆடி அசைந்து வருகிறது. “நான் உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்” என்று சொல்ல வாயெடுத்த நேரம், வேர்வையோடு கறுப்பு காதோரமாக வழிந்து வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கிவிட்டது. பெண்வீட்டுப் பெஞ்சிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கல்யாணப் படத்தில் அந்தக் கறை இன்றைக்கும் இருக்கிறது. அந்தச் சிரிப்பு அவருடைய காதுக்குள்ளேயே குடியிருந்தது.

அதனால், மகன் ஜோவுக்கு இருபது வயதில் முன்னந்தலை வெளுக்க ஆரம்பித்ததும் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. தான் பட்டது தன்னோடு போகட்டும் என்று முடிவு கட்டினார். மாதத்து முதல் வெள்ளி திருஇருதயப் பூசை. மறுநாள் முதல் சனி, வீட்டின் பின்கட்டில் ஜோவைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, பழைய துண்டைக் கழுத்தில் சுற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் வேரிலிருந்து நுனிவரை தானே மை பூசுவார். எட்டு வருஷத்தில் ஒரு முதல் சனிகூடத் தவறியதில்லை. விளாங்குடியில் இருக்கும் தம்பி பாக்கியநாதனுக்கும் இதே வழக்கம் உண்டு. அவன் தனக்கும் அடித்துக்கொண்டு, பத்தொன்பது வயது மகள் பிரின்சிக்கும் அடித்துவிடுகிறான் என்பது அண்ணன் தம்பி இருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

சவரியப்பனின் மகள் ஐரினுக்கு வாய் கொஞ்சம் நீளம். நர்சரிப் பள்ளி டீச்சர், இருபத்திநாலு வயது. “என்னப்பா, முதல் சனி பூசை ஆரம்பிச்சாச்சா? மணி அடிக்கவா?” என்று வாசற்படியில் நின்று கேலி பண்ணுவாள். அவளுக்கு நரை அதிகமில்லை. ஆனால் நகம் பத்தும் மெலிந்து, கோடு கோடாகப் பிளந்து, நுனி உடைந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூட நாளிலேயே அப்படித்தான். ஆனிமேரி பூஞ்சைக் களிம்பு வாங்கித் தடவிப் பார்த்தாள், கேட்கவில்லை. பிறகு ஐரினே ஒரு வழி கண்டுபிடித்தாள். கறுஞ்சிவப்பு நகப் பாலிஷ். “அண்ணனுக்குத் தலையில அடிக்கிறீங்க, நான் வெரல்ல அடிச்சுக்கிறேன்” என்பாள். வீடே சிரிக்கும்.

சவரியப்பனின் அப்பா அறுபது வயதில் மூச்சிரைத்துச் செத்தார். வறட்டு இருமல், படியேற முடியாது, கடைசியில் உட்கார்ந்தே தூங்கினார். காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்த்தும் பலனில்லை. கேட்டவர்களுக்கு வீட்டார் “பீடி” என்று சொல்லிவிட்டார்கள். அவர் பீடி குடித்து ஒரு ஆள் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஜோவுக்குப் பெண் அமைந்தது. பெயர் ரெஜினா, நல்ல இடம், நல்ல பிள்ளை. ஜூனில் கல்யாணம். மே மாசம் முதல் ஓலையைத் தகப்பனே வாசித்தார். தன் பெயரைத் தன் வாயால் மைக்கில் சொல்லும்போது குரல் கொஞ்சம் குழைந்தது, கூட்டம் புன்னகைத்தது. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையும் ஆயிற்று. மூன்றாவதற்கு நான்கு நாள் இருக்கும்போது ஐரின் காலையில் பல் தேய்த்தாள். ரத்தம் நிற்கவில்லை.

தொடையிலும் முழங்கையிலும் நீலம் நீலமாக இருந்ததை அவள் ஒரு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண வேலையில் இடித்துக்கொண்டேன் என்று நினைத்தாளாம். ரத்தத்தைச் சோதித்த லேப்காரர், பேப்பரைத் தராமல், “சார், இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க” என்றார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் எட்டாயிரம்தான் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டுப் பார்த்ததில், ரத்தம் ஊற வேண்டிய மஜ்ஜை ஏறத்தாழ வற்றிக் கிடந்தது. மூன்றாம் ஓலையை நிறுத்திவைக்கச் சொல்லிச் சாமியாருக்குப் போன் போனது.

அங்கே ரத்தநோய் டாக்டர் வித்யாஸ்ரீ. நாற்பது வயதிருக்கும், மதுரைச் சௌராஷ்ட்ர நெசவுக்கார வீட்டுப் பெண். அதிகம் பேசாதவர், ஆனால் கண் எதையும் விடாது. ஆக்ஸிஜன் அளக்க விரலில் மாட்டும் கருவி சரியாகக் காட்டவில்லை என்று நர்ஸ் ஐரினின் நகப் பாலிஷை அழித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் குனிந்து அந்த நகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எப்பருந்து இப்படி?”

“சின்ன வயசுலருந்தே மேடம். பூஞ்சைன்னு சொன்னாங்க” என்றாள் ஐரின்.

டாக்டர் சவரியப்பன் பக்கம் திரும்பினார். “ஐயா, நான் கேக்குறதுக்கு யோசிச்சுச் சொல்லுங்க. உங்க சொந்தத்துல யாருக்காவது சின்ன வயசுலயே தலை நரைச்சிருக்கா? நுரையீரல் கெட்டு, மூச்சு விட முடியாம யாராவது இறந்திருக்காங்களா?”

கேள்வி அவ்வளவுதான். பதில் அவர் தலையிலேயே இருந்தது. ஆனால் பாலிஷை அழித்துக்கொண்டிருந்த அந்த நர்ஸ் யார் தெரியுமா? ஃபிலோமினா. ரெஜினாவின் சொந்தச் சித்தி. கையில் பஞ்சை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள். ஜோ ரத்தம் கொடுக்கக் கீழே போயிருக்கிறான். சவரியப்பனின் காதில் அந்தப் பழைய பெஞ்சுச் சிரிப்பு களுக்கென்று கேட்டது. பரம்பரை நரை என்று இவள் காதில் விழுந்தால், மாலையில் சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும். தலை நரைப்பதற்கும் மகள் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் இருந்துவிடப்போகிறது? இப்படித்தான் அவர் நினைத்தார்.

“எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் கெடையாதும்மா” என்றார்.

“உங்களுக்கு எப்ப நரைச்சது?”

“நாப்பத்தஞ்சுக்கு மேலதான்.”

ஆனிமேரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து செபமாலையை உருட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கும் அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. டாக்டர் ‘இல்லை’ என்று எழுதி அடுத்த பக்கம் புரட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். வாரம் இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். காய்ச்சல் வந்து வந்து போனது. கூடப்பிறந்தவனின் மஜ்ஜை பொருந்தினால் மாற்றி வைக்கலாம் என்றார் டாக்டர். நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான் என்று சொல்லியிருந்தார். ஜோவுக்குப் பத்துக்குப் பத்தும் பொருந்தியது. அன்றைக்கு அந்த வீட்டில் அழாத ஆள் இல்லை. “போடா, இனி எனக்கும் உன்னை மாதிரி மூளை மழுங்கிரும்” என்று ஐரின் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். சவரியப்பன் வண்டியூர் தெப்பக்குளம் ஓரமாக ஸ்கூட்டரில் வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பரம ஏழையின் கையில் புதையலைக் கொடுத்தது போல இருந்தது மனிதருக்கு.

ஜோவுக்கு ஐந்து நாள் ஊசி போட்டு, ரத்தத்திலிருந்து மஜ்ஜைக்கு மூலமான ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்தார்கள். வாட்டசாட்டமான பையனுக்கு ஒரே நாளில் சேர வேண்டியது சேரவில்லை. இரண்டாம் நாள் எடுத்தார்கள். மூன்றாம் நாளும் எடுத்தார்கள். வித்யாஸ்ரீ வெளியே வந்து சவரியப்பனைத் தனியாக அழைத்தார்.

“இருபத்தெட்டு வயசுப் பையனுக்கு இம்புட்டுக் கம்மியா வராதுங்கய்யா. தம்பிக்கு வேற ஏதாச்சும் உண்டா? நீங்க சொல்ல விட்டுப்போனது?”

இந்த முறை பக்கத்தில் ஃபிலோமினா இல்லை. ஒரு ஈ காக்கை இல்லை. இப்போதாவது சொல்லியிருக்கலாமே பாவி மனுஷன்! ஆனால் ஒரு தடவை இல்லை என்று சொன்னவனுக்கு, அடுத்த தடவை உண்டு என்று சொல்வது இரண்டு மடங்கு கனம். முன்னால் சொன்னது பொய் என்றும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? சொன்னால் நிறுத்திவிடுவார்களோ, கைக்கு வந்தது போய்விடுமோ என்ற பயம் வேறு. “பயந்துட்டாம்மா பய. ஊசின்னா அவனுக்கு ஆகாது” என்று சொல்லிவைத்தார்.

நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து முழுசாக அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். ஐரினுக்கு அந்த மருந்து ஆறு நாள் போனது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, வாயெல்லாம் புண். ஏழாம் நாள் ஜோவின் ரத்தத்திலிருந்து எடுத்த அந்தச் சிறிய பையைத் தொங்கவிட்டார்கள். கிருமி படாமல் அவளை வைத்திருந்த கண்ணாடி அறைக்கு வெளியே நின்று மூன்று பேரும் பார்த்தார்கள். இனி காத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளணு ஏற ஆரம்பிக்கும் என்றார்கள்.

சவரியப்பன் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு, தினமும் காலை எட்டு மணிக்கு அந்தக் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பார். எட்டரைக்கு நர்ஸ் அன்றைய வெள்ளணு எண்ணிக்கையைச் சொல்வாள், ஐந்நூறையாவது தாண்ட வேண்டும். ஐம்பது என்பாள். மறுநாள் முப்பது. பதினான்காம் நாள் நூறு. அன்றைக்கு ஆனிமேரி மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். பதினைந்தாம் நாள் மறுபடி நாற்பது. ஏறவே இல்லை. மகள் உள்ளே, தகப்பன் வெளியே, நடுவில் ஒரு கண்ணாடி. உள்ளே போனால் கிருமி போகும், வெளியே நின்றால் உயிர் போகிறது. ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தன் கையால் கொடுக்க முடியாத தகப்பன் அங்கே என்னத்துக்கு? ஆனாலும் நின்றார். ஐரின் உள்ளேயிருந்து மொட்டைத் தலையைத் தடவிக் காட்டி, “அப்பா, எனக்கு இனி டை செலவு இல்ல” என்று போனில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

இருபத்தெட்டாம் நாள் வித்யாஸ்ரீ எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்து வெளியூருக்கு ஒரு மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். அதற்குள் ஐரினுக்குப் புதிதாக ஒரு இருமல் ஆரம்பித்திருந்தது. சளி இல்லாத வறட்டு இருமல். சவரியப்பனுக்கு அந்தச் சத்தம் தெரியும். அப்பாவின் சத்தம் அது.

ரிசல்ட் வர ஐந்து வாரம் ஆனது. டாக்டர் சவரியப்பனையும் ஆனிமேரியையும் ஜோவையும் உட்கார வைத்துக்கொண்டு பேசினார். கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

“ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் மாதிரி குரோமோசோம் இருக்கு. நூலோட ரெண்டு நுனியிலயும் ஒரு காப்பு. டெலோமியர்னு பேரு. எங்க வீட்டுல சேலை முந்திக்குக் குஞ்சம் முடிவாங்க. முடியலைன்னா ஓரம் பிரிஞ்சுக்கிட்டே வருமில்ல, அதுக்குத்தான் இந்தக் காப்பும். செல் ஒண்ணு ரெண்டாப் பிரியுறப்பல்லாம் நுனி கொஞ்சம் தேயும். தேயுறதைத் திரும்ப வளத்துவிட ஒரு நொதி இருக்கு, டெலோமரேஸ். ரத்தம் ஊறுற எடம், தோலு, நகம், முடி, இதெல்லாம் ஓயாமப் புதுசாகிக்கிட்டே இருக்கிற எடம். அங்க அது வேலை செஞ்சே ஆகணும். உங்க குடும்பத்துல அது பாதி வேலைதான் செய்யுது. ஐயாவுக்கும் இருக்கு. ஐரினுக்கும் இருக்கு.”

கடைசியாகப் பையன் பக்கம் திரும்பி, “ஜோவுக்கும் இருக்கு” என்றார்.

“கேன்சர்ல இதே நொதிதான் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யும். அதனாலதான் அந்த செல்லு சாகமாட்டேங்குது. அங்க கூடுனா நோய், இங்க கொறைஞ்சா நோய். இன்னொண்ணு. அப்பாகிட்டருந்து பிள்ளைக்குக் குறை மட்டும் போறதில்ல, ஏற்கெனவே தேஞ்ச நுனியும் போகுது. அதனால தலைமுறைக்குத் தலைமுறை முன்னக்கூட்டியே வரும்.”

அறுபதில் அப்பாவுக்கு வந்தது மகளுக்கு இருபத்திநாலில் வந்திருக்கிறது. கிளார்க்குக்குக் கணக்குச் சொல்லியா தர வேண்டும்?

“எங்கிட்டருந்து எடுத்து வைங்கம்மா. என்னத்த வேணாலும் எடுங்க” என்றார் சவரியப்பன்.

“உங்களுதும் அதே நூல்தானே ஐயா. அம்மாவுக்கு மட்டும்தான் இந்தக் குறை இல்ல. அம்மாவோடது பாதி பொருந்தும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஜோவை விட்டுட்டு அம்மாவோடதை வச்சு, மருந்தையும் நல்லாக் கொறைச்சு முயற்சி பண்ணியிருப்போம். இந்தக் குறை உள்ளவங்களுக்கு அந்த மருந்தோட வீரியம் நுரையீரல்ல தாங்காது. பொழைச்சிருப்பான்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணியிருப்போம்.”

“இப்பப் பண்ணலாமா?”

“இப்ப அவளால தாங்க முடியாது.”

ஆனிமேரி எழுந்து நின்றாள். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜோ தலையில் கை வைத்தான். அந்த மாதத்து முதல் சனி யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிருந்தது. வகிட்டில் விரற்கடை அகலத்துக்கு வெள்ளை எழும்பியிருந்தது.

வெளியே வந்தபோது லிஃப்ட் பக்கத்தில் ஃபிலோமினா நின்றிருந்தாள். ஃபைலில் வந்த ரிப்போர்ட்டை அவள் பார்த்துவிட்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு நான் அங்கன நின்னதுனாலதான் சொல்லலையா?”

சவரியப்பன் லிஃப்ட் பொத்தானை அமுக்கினார்.

“வெளிய போடீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனே அண்ணே. ஜோ தம்பி டை அடிக்கிறது நிச்சயத்தன்னைக்கே எங்களுக்குத் தெரியும். காதோரம் வெள்ளையாத்தான இருந்துச்சு. ரெஜினாதான், ‘இருந்துட்டுப் போகட்டும் சித்தி, எனக்குப் பிடிச்சிருக்கு’ன்னா.”

அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மனிதர் லிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டே நின்றார். லிஃப்ட் வந்து திறந்து மூடி, திரும்பப் போய்விட்டது. யார் கண்ணுக்கு மறைக்க இத்தனை பாடு பட்டாரோ, அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. தெரிய வேண்டிய ஒரே ஆளுக்குத் தெரியாமல் போனது.

கடைசி வாரத்தில் கண்ணாடி அறையிலிருந்து ஐரினை வெளியே மாற்றினார்கள். இனிக் கிருமிக்குப் பயந்து பயனில்லை என்று அர்த்தம். இப்போது தகப்பன் தண்ணீர் கொடுக்கலாம், கையைப் பிடிக்கலாம். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவள் விட்டு விட்டுப் பேசினாள்.

“டாக்டர் எங்கிட்டயும் சொன்னாங்கப்பா. அன்னைக்கு என் முன்னாடிதான உங்ககிட்ட கேட்டாங்க? நீங்க இல்லைன்னீங்க. நானும் சும்மா இருந்துட்டேன். ஜோ மாட்டிக்கிருவானேன்னு.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “நாம ரெண்டு பேரும் சேந்து பண்ணதுப்பா.”

அவள் அப்படிச் சொன்னதுதான் அவரைக் கொன்றது. பழி சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறாளே பிள்ளை! “இல்லத்தா, இல்லத்தா” என்று அவள் உடைந்த நகத்தை எல்லாம் தன் கன்னத்தில் வைத்து வைத்து அழுதார். “ஜோகிட்ட சொல்லுங்கப்பா” என்றாள், “அவன் குடுத்ததுனால ஒண்ணும் இல்லைன்னு.” அதற்கு மறுநாள் மத்தியானம், சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போன ஒரு மணி நேரத்தில், அவள் போய்விட்டாள்.

ரெஜினா அடக்கத்துக்கு வந்தாள். ஜோவின் பக்கத்திலேயே இருந்தாள். அவளுடைய அப்பா மட்டும் சாமியாரிடம், “கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம் சாமி” என்று சொன்னதாகக் கேள்வி. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? பெண்ணைப் பெற்றவர்.

முப்பதாம் நாள் பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைந்தது. அறிவிப்பை வேறு யாராவது வாசிக்கட்டும் என்றார் சாமியார். “நானே வாசிக்கிறேன் சாமி” என்றார் சவரியப்பன். படி ஏறும்போது இரண்டு தடவை இருமினார். தாளில் ஓலை எதுவும் இல்லை. அன்பியக் கூட்டம், மறைக்கல்வித் தேர்வு, கடைசியில் ஒரு வரி. திருநகர் சவரியப்பன், ஆனிமேரி இவர்களின் மகள் ஐரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. குரல் உடையாமல் வாசித்தார். வாசித்து முடித்தும் மைக்கை விட்டு நகரவில்லை.

“தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு பதினெட்டு வருசமா உங்களக் கேட்டுக்கிட்டிருந்தேன்” என்றார். “எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லல. எங்க வீட்டுல இளநரை உண்டு. எனக்கு இருபத்திரண்டுல, எம் மகனுக்கு இருபதுல. எங்கப்பா பீடியால சாகல. டாக்டரு கேட்டப்ப இல்லைன்னேன். எம் பிள்ளை போயிருச்சு. எங்க ரத்தத்துல வந்தவங்க யாரு இங்க இருந்தாலும், தயவுசெஞ்சு போய்ச் சோதிச்சுப் பாருங்க. கல்யாணத்துக்காக மறைக்காதீங்க.”

கோயிலில் ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. கடைசிப் பெஞ்சில் ஜோ, மை இல்லாத தலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஆனிமேரி முகத்தை மூடிக்கொண்டாள்.

பூசை முடிந்து சவரியப்பன் வெளியே ஓடி வந்தார். விளாங்குடித் தம்பி பூசைக்கு வந்திருந்தான், மகளோடு. வேப்பமரத்து நிழலில் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். பிரின்சிக்குப் பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையின் அப்பா என்று பார்த்த உடனேயே சவரியப்பனுக்குப் புரிந்துவிட்டது. பெரியவர் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். தம்பி சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்ன பதில் நாலு எட்டுத் தள்ளி நின்ற அண்ணன் காதில் அப்படியே விழுந்தது.

“மகளப் பறிகுடுத்த துக்கத்துல அண்ணே என்னென்னமோ பேசுறாருங்க. எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் கெடையாது.”

“பாக்கியம்” என்று கூப்பிட்டார் சவரியப்பன். “டேய் பாக்கியம், ஒரே ஒரு டெஸ்ட்டுடா.”

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. பிரின்சி பின்னால் ஏறி உட்கார்ந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் மட்டும் பெரியப்பாவைப் பார்த்தாள். பத்து விரலிலும் கறுஞ்சிவப்புப் பாலிஷ் பூசியிருந்தாள். பைக் கிளம்பி, கோயில் வாசலைத் தாண்டி, திருமங்கலம் ரோட்டில் ஏறிப் போய்விட்டது.